கடைசித் தோசை

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், நம் வீட்டுச் சமையலறையில் காஸ் அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மாற்று சிலிண்டருக்குப் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு செய்ய வேண்டிய கடமை யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, வீட்டிலிருந்த எல்லோருடைய பார்வையும் ஒரே திசையில் திரும்பிற்று. நாம் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து வருகிறவர்கள். எந்தத் தேசத்தில் எந்த வருஷம் பஞ்சம் வந்தது என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவோம். சொந்த வீட்டில் பஞ்சம் வரப்போவதை மட்டும் முன்கூட்டி அறிய முடியாமல் போயிற்று!

"ஹோட்டலுக்குப் போகலாம்!" என்று நம் சிரஞ்சீவி கூச்சலிட்டான். எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண் அதை ஆமோதித்தாள். சகதர்மிணி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் புடவை மாற்றிக்கொள்ளச் சென்ற வேகத்தைப் பார்த்தால், அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது என்றே கொள்ள வேண்டியிருந்தது. ஆட்சேபம் சொன்னவர் நம் தாயார் ஒருவர்தான்.

"நான் எதற்கு? எனக்கு இரண்டு வாழைப்பழம் போதும். நான் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணி விடலாம். அதுவும் கோயில் குளம் என்று போன இடத்தில்தான். உங்கள் அப்பா இருந்தவரையில் ராத்திரி பொட்டலம் வாங்கி வருவார். பிரித்து உங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் வழித்துச் சாப்பிடுவேன். அதிலேயே ருசி தெரிந்துவிடும்" என்றார்.

இந்த வார்த்தைகளை நாம் அப்போது சிரித்துக்கொண்டே கேட்டோம். அவற்றின் பொருள் அன்றிரவு ஒன்பது மணிக்குத்தான் விளங்கிற்று.

நாம் சென்ற ஹோட்டலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நடந்த தவற்றில் அந்த ஹோட்டலின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்று நேயர்கள் கடைசி வரையில் படித்த பிறகு, பெயர் எழுதாமலிருந்ததே நியாயம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாற்காலிக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை இரவு நம் ஊர்களில் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது சாப்பாடு அல்ல, தவம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பத்தின் நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர்கள் காப்பியை ஆற்றும் அழகைக் கவனிக்க வேண்டும். "இன்னொரு வடை?" என்று அவர்களில் ஒருவர் கேட்டுவிட்டால் நம் நெஞ்சம் பதைக்கும். முன்பின் அறியாத மனிதர்களின் பசி சீக்கிரம் அடங்க வேண்டுமென்று மனிதன் மனமுருகிப் பிரார்த்திப்பது உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான்.

இருபது நிமிஷத்துக்குப் பிறகு ஐவருக்கும் இடம் கிடைத்தது. நம் தாயார் நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நாற்புறமும் பார்த்தார். "திரை போட்ட அறை இல்லையா? முன்பெல்லாம் பெண்பிள்ளைகளுக்கென்று அப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

தாயார் கேட்டது நியாயமான கேள்வியே. ஒரே கூடத்தில் யாரும் யாருக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நிலை நமக்கு எளிதில் வந்ததல்ல. நம் பாட்டனார் காலத்துக் காப்பி ஹோட்டல்களில் ஜாதிக்கு ஜாதி தனி இடம் இருந்தது. சிலருக்கு வாசற்படி ஏறவே அனுமதி கிடையாது. ரயில்வே நிலையத்துச் சாப்பாட்டுக் கூடங்களில்கூடப் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்து, பல வருஷக் கிளர்ச்சிக்குப் பின் 1941-ல்தான் அந்தப் பிரிவினை தென்னாட்டில் நீங்கிற்று. 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனம், தனது 15-வது ஷரத்தில் கடைகளையும் பொதுச் சாப்பாட்டு விடுதிகளையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஜாதி, மதம், ஆண் பெண் என்ற பேதங்களைக் காட்டி எந்தப் பிரஜையையும் அங்கே தடுக்கக் கூடாது என்று விதித்தது. ஒரு மகாதேசத்தின் சாசனத்தை எழுத உட்கார்ந்தவர்கள் இட்லிக் கடை வாசற்படியையும் நினைத்துப் பார்த்தார்கள் என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆயினும் சட்டம் வந்த அன்றே பெண்கள் ஹோட்டலுக்குள் வந்துவிடவில்லை. 'குடும்ப அறை' என்று பலகை மாட்டி, அழுக்கேறிய ஒரு திரையையும் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால்தான் அவர்களை உட்கார வைத்தார்கள். சென்னைவாசிகளுக்கு வேறொரு வழியும் இருந்தது. கதீட்ரல் சாலையில் 1962-ல் ஏற்பட்ட உட்லண்ட்ஸ் 'டிரைவ் இன்' ஹோட்டலில் மரநிழலில் காரை நிறுத்திக்கொண்டு, காருக்குள்ளேயே குடும்பத்தோடு பலகாரம் சாப்பிடலாம். 2008-ல் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா எழுந்தது. இன்று திரையும் இல்லை, காரும் வேண்டியதில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் கேட்கிறார்கள். இது சிறிய சுதந்திரமல்ல.

இந்தப் பிரசங்கத்தை நாம் செய்து முடிப்பதற்குள் சப்ளையர் வந்து நின்றான். இருபது வயதுக்கு மேல் இராது. ஒடிசாவிலிருந்து வந்தவன் என்று பிறகு தெரிந்தது. பலகாரங்களின் பெயர்களை மட்டும் நம்மைக் காட்டிலும் வேகமாகத் தமிழில் சொன்னான். தாயாருக்கு இட்லி, பெண்ணுக்கு நெய் ரோஸ்ட், பையனுக்குப் பூரி, நமக்கு ரவா தோசை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, விலைப்பட்டியலில் ஒரு கண் ஓட்டிவிட்டு, "எனக்கு ஸாதா தோசை போதும்" என்றாள் சகதர்மிணி.

வந்ததும் போனதும்

ஹோட்டலில் ஐந்து பேர் ஐந்து பலகாரம் கேட்டால் ஐந்தும் சேர்ந்து வரமாட்டா. இதற்குக் காரணம் உண்டு. இட்லி ஈடு ஈடாக வெந்து தயாராக இருக்கும்; கேட்டவுடன் வரும். ஸாதா தோசை கல்லில் வரிசையாக ஐந்தாறு வார்க்கப்படுவது. அதுவும் விரைவில் வரும். ரவா தோசையோ நீர்த்த மாவைத் தெளித்து, மெதுவாக முறுக விட வேண்டியது, அவசரப்பட்டால் பிசுபிசுத்துவிடும். பூரிக்கு எண்ணெய் காய வேண்டும். இவற்றோடு இப்போது வேறொரு தடங்கலும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் உத்தரவு பெற்று, முதுகில் பெரிய பையோடு வந்து நிற்கும் இளைஞர்களின் கூட்டம் கல்லாவுக்கு அருகில் அலை மோதுகிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் பசியும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பசியும் ஒரே தோசைக் கல்லுக்காகப் போட்டி போடுகின்றன.

தாயாரின் இட்லி முதலில் வந்தது. பூப்போல இருந்தது. சகதர்மிணி அதை விண்டு, பல் இல்லாதவர் சாப்பிடும்படி சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தாள். அடுத்தாற்போல் அவளுடைய ஸாதா தோசை ஆவி பறக்க வந்தது. அதே சமயத்தில் பையன் பூரி வரவில்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தோசையில் பாதி அவன் தட்டுக்குப் போயிற்று. நாம் கைப்பேசியில் சட்டசபைச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். "ரவா தோசை நேரமாகும் போலிருக்கிறது. ஆறுவதற்குள் இதைச் சாப்பிடுங்கள்" என்று யாரோ மற்றப் பாதியை நம் தட்டில் வைத்தார்கள். தேங்காய்ச் சட்டினி நன்றாயிருந்தது. நாம் சாப்பிட்டோம். அது யார் தட்டிலிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு நெய் ரோஸ்ட் வந்தது. பூரி வந்தது. நம்முடைய ரவா தோசையும், மிளகும் முந்திரியும் மின்ன, வலை பின்னினாற்போல் வந்து சேர்ந்தது. அதையும் தீர்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோதுதான் சகதர்மிணியின் வெறுந்தட்டு நம் கண்ணில் பட்டது.

"உன் தோசை இன்னும் வரவில்லையா?" என்று கேட்டோம்.

"வரும், வரும். இன்னொன்று சொல்லியிருக்கிறேன்" என்றாள். சொன்னது மெல்லிய குரலில். சொன்னது நாலு மேஜைக்குத் தட்டு ஏந்தி ஓடிக்கொண்டிருந்த சப்ளையரிடம். அது அவன் காதில் விழவேயில்லை. 'இன்னொன்று' என்ற வார்த்தை நம் காதிலும் விழவில்லை.

வாத்தியாருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பது நேயர்களுக்குத் தெரியும். நாற்பத்தைந்து பையன்களை அடக்கிப் பழகிய குரலில் சப்ளையரைக் கூப்பிட்டோம். கூடம் முழுவதும் ஒரு கணம் நிசப்தமாயிற்று.

"அரை மணி நேரமாக ஒரு ஸ்திரீ காத்திருக்கிறாள். ஒரு ஸாதா தோசை கொண்டுவரத் தெரியாதா உனக்கு?"

"ஸாதா ஒண்ணு குடுத்தேன் ஸார்" என்றான் அவன் பணிவாக.

"பொய் சொல்லாதே!" என்றோம்.

மானேஜர் ஓடி வந்தார். நம்மிடம் மன்னிப்புக் கேட்டார். சப்ளையரிடம் பேசிய பேச்சு வேறு விதமாக இருந்தது. அத்தனை பேர் மத்தியில் அவனை மாட்டுக்குச் சமானமாக்கிப் பேசினார். முடிவில் நம் பக்கம் திரும்பி, "அந்தத் தோசையைப் பில்லில் போட மாட்டோம் ஸார். இவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன். இந்த மாதத்தில் இது இவனுக்கு மூன்றாவது தடவை. சரிப்படாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்" என்றார்.

அப்போது சகதர்மிணி எழுந்து நின்றாள். அவள் பொது இடத்தில் உரக்கப் பேசி நாம் கேட்டதில்லை.

"அவன் பேரில் ஒரு தப்பும் இல்லை. தோசை சூடாகவே வந்தது. பாதியைப் பையன் சாப்பிட்டான். பாதியை இவர் சாப்பிட்டார். நீங்கள் அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்றாள்.

நாம் உட்கார்ந்திருந்த நாற்காலி பூமிக்குள் இறங்கிவிடாதா என்றிருந்தது.

யார் கடைசி?

வகுப்பில் உண்மையைச் சொன்ன பையனைப் பொய்யன் என்று வைதுவிட்டால், அதே வகுப்பில், அத்தனை பையன்கள் முன்னிலையில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று இளம் ஆசிரியர்களுக்கு நாம் உபதேசம் செய்வது வழக்கம். அந்த உபதேசம் நம்மையே தேடி வந்தது. எழுந்து நின்று, "மன்னித்துக்கொள், தம்பி. தப்பு என்னுடையது" என்றோம். மானேஜரிடமும், இந்த மாதக் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாதென்று வற்புறுத்தினோம். அவர் சேர்க்கவில்லை என்று வாக்களித்தார். அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன தமிழ் முழுவதும் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

மூன்று நிமிஷத்தில் ஒரு ஸாதா தோசையோடு திரும்பி வந்தான். கல்லிலிருந்து எடுத்ததும் ஓடி வந்திருக்க வேண்டும். ஓரமெல்லாம் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. அதைச் சகதர்மிணியின் முன்னால் வைத்து, "சூடு, அம்மா. இப்பவே சாப்பிடுங்க" என்றான். பையன் எட்டிப் பார்த்தபோது, சப்ளையர் சிரித்துக்கொண்டே தட்டை அவள் பக்கமாக இன்னும் சற்று நகர்த்தி வைத்தான்.

தோசைக்கு ஆயுள் மூன்று நான்கு நிமிஷந்தான். அதற்குமேல் அதன் சொந்த ஆவியே அதை நனைத்துத் துவளச் செய்துவிடும். சமையலறையில் நின்று வார்ப்பவள் அந்த மூன்று நிமிஷத்தைத் தினமும் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முதல் தோசை பிள்ளைக்கு, இரண்டாவது மாமியாருக்கு, அடுத்த நாலும் நமக்கு. மாவுப் பாத்திரத்தை வழித்து வார்க்கும் கடைசித் தோசை, பிய்ந்தும் தடித்தும், அடுப்பை அணைத்த பிறகு, அவளுக்கு. நம் தாயார் இலையை வழித்தார். நம் மனைவி பாத்திரத்தை வழிக்கிறாள். திரை போன பிறகும், நடுக்கூடத்தில் உட்கார இடம் கிடைத்த பிறகும், அவள் ஹோட்டலிலும் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க நமக்குப் பதினாறு வருஷ இல்லறமும், ஒரு காஸ் சிலிண்டரும், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் தேவைப்பட்டார்கள்.

இது ஒரு வீட்டுச் சமாசாரம் மட்டுமல்ல. மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2019-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். அத்தகைய வேலையில் கை வைத்த ஆண்கள் 97 நிமிஷம். கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்களோ 81 பேர். நாம் எந்த எழுபத்து நான்கு பேரைச் சேர்ந்தவர்கள் என்று நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

சகதர்மிணி தோசையைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "நீ சாப்பிட்டாயாப்பா?" என்று சப்ளையரைக் கேட்டாள்.

"கடை அடைச்ச பிறகு, அம்மா. பதினொரு மணி ஆகும்" என்றான்.

"என்ன சாப்பிடுவாய்?"

"என்ன மிச்சம் இருக்கோ, அது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக்கு ஓடினான்.

'பந்திக்கு முந்து' என்று நம்மவர்கள் பழமொழி சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் பரிமாறுகிறவன் எப்போது முந்துவது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வீட்டில் அவள் கடைசி; ஹோட்டலில் இவன் கடைசி. இருவரையும் அந்த மேஜைக்கு அருகில் சேர்த்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே கணக்கு என்று தெரிந்தது.

பில் சொல்லும் பாடம்

பில் வந்தது. அதைப் படிக்காமல் பணம் கொடுப்பது நம் வழக்கமாயிருந்தது. அன்று நிதானமாகப் படித்தோம். கீழே ஐந்து சதவிகிதம் ஜி.எஸ்.டி. மத்திய சர்க்காருக்கு இரண்டரை, மாகாண சர்க்காருக்கு இரண்டரை. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஹோட்டல்களில் இந்த விகிதம் நடைமுறைக்கு வந்தது. இதில் பரிமாறியவனுக்கு ஒரு காசும் போவதில்லை. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸின் பதினான்கு இலக்க எண்ணும் பில்லில் இருந்தது. சாப்பாட்டில் கோளாறு என்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் செய்யலாம்.

பெரிய நகரங்களில் 'ஸர்வீஸ் சார்ஜ்' என்று வேறொரு தொகையையும் சில ஹோட்டல்கள் சேர்த்து வந்தன. அதைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. ஹோட்டல் முதலாளிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றால், மனமாரவும் கொடுக்க வேண்டியதில்லை என்று அர்த்தமல்ல. கொடுப்பதைக் கல்லாவில் கொடுக்காமல் பரிமாறியவன் கையில் கொடுத்தால் விலாசம் தவறாமல் போய்ச் சேரும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோட்டல் தொழிலாளரின் வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை இவற்றுக்காகவே நம் மாகாணத்தில் 1958-ல் தனிச் சட்டம் பிறந்தது. 2021-ல், கடைகளில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுவதும் கால் கடுக்க நிற்காமல் உட்கார இடம் தர வேண்டுமென்று சட்டசபை மற்றொரு சட்டத்தைத் திருத்திற்று. சட்டம் சொல்வது இருக்கட்டும். பசியோடிருப்பவன் கையில் நெய் ரோஸ்ட்டைக் கொடுத்து, அதை இன்னொருவன் முன்னால் சிரித்த முகத்துடன் வைக்கச் சொல்வது எவ்வளவு கடினமான காரியம்! கூட்டம் வருவதற்கு முன், ஆறு மணிக்கு, அவர்களுக்குச் சூடாக நாலு இட்லி கொடுத்துப் பாருங்கள். வாடிக்கைக்காரர்கள் வித்தியாசத்தை உணர்வார்கள். முக்கியமாக, சப்ளையரைக் கண்டிக்க வேண்டுமானால் உள்ளே அழைத்துப் போய், அவன் சொல்வதைக் கேட்ட பிறகு கண்டியுங்கள். வாடிக்கைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. இதற்கு நாமே சாட்சி.

குடும்பத்தோடு செல்லும் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை. பலகாரம் சொல்லும்போது முதலில் அம்மாளைச் சொல்லச் சொல்லுங்கள். அவள் 'ஸாதா போதும்' என்றால் நம்பாதீர்கள். பையன் பூரிக்குக் காத்திருந்தால், காத்திருக்கட்டும். காத்திருப்பதும் ஒரு கல்விதான். உங்கள் தட்டில் ஏதேனும் வந்து விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

நிற்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது சிலிண்டர் வந்துவிட்டது. எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, நாமே தோசைக் கல் முன்னால் நின்றோம். முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. இரண்டாவது பாரத தேசப் படத்தைப்போல் இருந்தது. தெற்கே இலங்கை தனியாக விழுந்திருந்தது. மூன்றாவது ஒருவாறு வட்டமாக வந்தது. அதைச் சூடாகச் சகதர்மிணிக்குக் கொண்டுபோய் வைத்தோம். பையன் கையை நீட்டினான். நம் தாயார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுடா! முதலில் உன் அம்மா சாப்பிடட்டும்" என்றார்.

கடைசித் தோசை அன்று ஒன்பதே காலுக்கு நமக்குக் கிடைத்தது. தடித்திருந்தது, ஓர் ஓரம் கருகியிருந்தது. சட்டினி தீர்ந்துவிட்டது.